நிதித் தாராளமயமும் நம் சேமிப்பும்: குமரி மாவட்ட வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கல்லூரிகளிலும் வாசகர் வட்டங்களிலும் வங்கியைப் பற்றியும் வெளிநாட்டு முதலீட்டைப் பற்றியும் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் வருகின்றன. கேட்பவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு, வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் உண்டு, மகளிர் குழு நடத்துகிறவர்கள் உண்டு. பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சேமிப்பவர், சிறுகடன் வாங்குபவர் பக்கம் நின்றுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நிதித் தாராளமயம் என்பது எதைக் குறிக்கிறது?

வட்டி எவ்வளவு, கடன் யாருக்கு, வங்கி யார் நடத்தலாம், பணம் எல்லை தாண்டலாமா ஆகிய நான்கையும் அரசு தீர்மானித்துவந்த நிலையிலிருந்து சந்தை தீர்மானிக்கும் நிலைக்கு மாறுவது.

1991-ல் ஓர் இந்திய வங்கி வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாய் வைப்புத்தொகையிலும் 38 ரூபாய் 50 காசை அரசுப் பத்திரங்களில் போட வேண்டும். 15 ரூபாயை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும். மிச்சத்தில் கொடுக்கும் கடனில் 40 விழுக்காடு விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும். எந்தக் கடனுக்கு எத்தனை விழுக்காடு வட்டி என்ற பட்டியல் மும்பையிலிருந்து வரும். அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியதுதான் உள்நாட்டுத் தாராளமயம். சேமிப்புக் கணக்கின் வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டது 2011 அக்டோபரில்தான். அன்னிய முதலீட்டு நிறுவனங்களைப் பங்குச் சந்தைக்குள் விட்டது (1992), நடப்புக் கணக்கில், அதாவது ஏற்றுமதி, இறக்குமதி போன்ற அன்றாட வரவு செலவுகளுக்கு, ரூபாயை வெளிநாட்டு நாணயமாக மாற்றத்தக்கதாக்கியது (1994) போன்றவை வெளிநாட்டுப் பக்கத்துத் தாராளமயம்.

இது பொருளாதார நிபுணர்கள் பேச வேண்டிய விஷயம்தானே? அரசியல் எங்கே வருகிறது?

1973-ல் அமெரிக்காவின் ரொனால்ட் மெக்கின்னன், எட்வர்ட் ஷா என்ற இருவர் தனித்தனியே ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஏழை நாடுகளில் அரசு வட்டியைச் செயற்கையாகக் குறைத்து வைக்கிறது. அதனால் சேமிப்பவர் நஷ்டப்படுகிறார், மலிவான கடனோ செல்வாக்குள்ளவருக்குப் போகிறது. கட்டை அவிழ்த்தால் சேமிப்பு பெருகும், கடன் தகுதியுள்ள தொழிலுக்குச் சேரும் என்பது அதன் சாரம். நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் அரசு கையை எடுத்த இடத்தில் போட்டிச் சந்தை தானாக வந்து உட்காரும் என்று நம்பினார்கள். பல நாடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள், அதற்கு முன் மலிவுக் கடன் வாங்கிக்கொண்டிருந்த அதே குடும்பங்கள்.

வங்கியும் அரசியலும் தனித்தனி என்று நினைப்பவர்களுக்கு நம் மண்ணிலேயே பாடம் இருக்கிறது. 1949 வரை நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தவர்கள். இங்கே 1937-ல் இரண்டு பெரிய வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி உருவானது. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்று. மறு ஆண்டே, 1938 ஜூனில், அது கதவடைத்தது. அதை நடத்தியவர்களில் முதன்மையானவரான கே.சி. மாம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமா இதழின் ஆசிரியரும்கூட, திவான் சி.பி. ராமசாமி ஐயரை எதிர்த்த அரசியல் அணியின் பக்கம் நின்றவர். பத்திரிகை மூடப்பட்டது, அவர் சிறைக்குப் போனார். திவானின் பகைதான் வங்கியைச் சாய்த்தது என்று ஒரு தரப்பும், வங்கியின் உள்நிலையே சரியில்லை என்று மறுதரப்பும் இன்றுவரை வாதிடுகின்றன. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை. இரு தரப்புச் சண்டையில் பணத்தை இழந்தவர்கள் இரு தரப்பையும் சேராத வைப்பாளர்கள்.

1960-ல் பாலா ஊரின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியது. கேரளத்தின் மிகப் பெரிய வங்கி அது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் இன்று நாம் அனுபவிக்கும் வைப்புத்தொகைக் காப்பீடு. 1962 ஜனவரி 1-ல் தொடங்கியபோது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 1993-ல் ஒரு லட்சமானது. பிறகு 27 ஆண்டுகள் அது நகரவே இல்லை.

1969-ல் வங்கிகளைத் தேசியமயமாக்கியது சரியா, தவறா?

1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள், 1980-ல் மேலும் ஆறு. இந்திரா காந்தி தம் கட்சிக்குள் நடந்த சண்டையில் இதை ஆயுதமாகப் பயன்படுத்தினார் என்பது உண்மை. அதனால் விளைந்த நன்மையும் உண்மை. 1969-ல் நாடு முழுவதும் எட்டாயிரத்துச் சொச்சம் கிளைகள். 1991-ல் ஏறக்குறைய அறுபதாயிரம். 1977 முதல் 1990 வரை ஒரு விதி இருந்தது: ஏற்கனவே வங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமென்றால், வங்கியே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் எந்த வங்கி உள்நாட்டுக் கிராமங்களையும் கடற்கரைக் குப்பங்களையும் தேடிப் போயிருக்கும்?

குறைகளையும் மறைக்கக் கூடாது. கூட்டம் கூட்டிக் கடன் வழங்கிய கடன் மேளாக்களில் கட்சிக்காரர் பட்டியல் கொடுக்க, மேலாளர் கையெழுத்துப் போட்ட காலம் ஒன்று இருந்தது. வராக்கடன் எவ்வளவு என்று வங்கிகளுக்கே தெளிவாகத் தெரியாது. வாடிக்கையாளர் ஒரு வரைவோலைக்கு அரைநாள் நின்றார். சீர்திருத்தம் தேவைப்பட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீர்திருத்தத்தின் பெயரில் முதலில் கைவிடப்பட்டது கிளை திறக்கும் அந்த விதி என்பதுதான் என் வருத்தம். 1990களின் நடுவிலிருந்து பத்தாண்டு காலம் நாட்டில் கிராமக் கிளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

1991-ல் உண்மையில் என்ன நடந்தது? பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) கட்டாயப்படுத்தியதா?

கட்டாயம் இருந்தது, ஆனால் கதை அதோடு முடியவில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்டுவரப்பட்டார்கள்; நம் மாவட்டத்து வீடுகள் பலவற்றில் மாதா மாதம் வந்த பணம் சட்டென்று நின்றது. வெளிநாடு வாழ் இந்தியர்கள் நம்பிக்கை இழந்து வைப்புத்தொகைகளைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். 1991 ஜூனில் கையிருப்பு அன்னியச் செலாவணி சுமார் இரண்டு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. மே மாதம் பாரத ஸ்டேட் வங்கி வழியாக 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கம் லண்டனுக்கு விமானம் ஏறியது. நாடே நகையைப் பணயம் வைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. ஜூலை 1, 3 ஆகிய இரு நாட்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து சுமார் 26-ஐத் தொட்டது. ஜூலை 24-ல் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். நவம்பரில் வங்கித் துறையை மாற்றச் சொல்லும் நரசிம்மம் குழுவின் அறிக்கை.

கடன் கொடுத்த பன்னாட்டு நிதியம் நிபந்தனை போட்டது. ஆனால் அதே திசையில் போக வேண்டும் என்று டெல்லியில் பல அதிகாரிகள் 1980களிலிருந்தே எழுதி வைத்திருந்தார்கள். நெருக்கடி அவர்களுக்கு வாய்ப்பைத் தந்தது. நரசிம்ம ராவின் அரசோ சிறுபான்மை அரசு. அதனால் நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவைப்படாத மாற்றங்கள் (வட்டி, பத்திரம், செலாவணி) விரைவாக நடந்தன. வங்கி, காப்பீட்டுச் சட்டங்களைத் திருத்த வேண்டியவை இழுத்தன. காப்பீட்டுத் துறையில் அன்னிய முதலீட்டுக்கு 26 விழுக்காடு வழிவிட 1999 வரை ஆயிற்று. 49 விழுக்காட்டுக்கு 2015 வரை. 74-க்கு 2021 வரை. இந்த மெதுவான நடைக்குத் தொழிற்சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் காரணம். அதை ஒரு குறையாக நான் கருதவில்லை. அடுத்த பதிலைப் படித்தால் காரணம் விளங்கும்.

விரைவாகத் திறந்த நாடுகளுக்கு என்ன ஆனது?

சிலி: 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பினோசெட் அரசு வங்கிகளைத் தனியாருக்கு விற்றது. வாங்கியவை சில பெருங்குழுமங்கள். வைப்பாளர் பணத்தைத் தங்கள் கம்பெனிகளுக்கே கடனாகக் கொடுத்துக்கொண்டன. 'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற கதை. மேற்பார்வை இல்லை. 1982-ல் உற்பத்தி ஏறக்குறைய 14 விழுக்காடு சரிந்தது. 1983 ஜனவரியில் அரசே பெரிய வங்கிகளைத் தன் கைக்குள் எடுக்க வேண்டியதாயிற்று. தனியார்மயத்தில் உலகுக்கே முன்னோடி என்று பேசப்பட்ட ஓர் அரசு, வங்கித் துறையின் பெரும்பகுதியைச் சுமக்கும் நிலைக்கு வந்தது. லாபம் குழுமங்களுக்கு, நஷ்டம் மக்களுக்கு.

இந்தோனேசியா: 1988 அக்டோபரில் வங்கி தொடங்கும் விதிகள் தளர்த்தப்பட்டன. நூற்றுச் சொச்சமாக இருந்த வங்கிகள் சில ஆண்டுகளில் இருநூறைத் தாண்டின. அதிபர் சுகார்த்தோவின் உறவினர்களுக்கும் வங்கி இருந்தது. 1997 நவம்பர் 1-ல், பன்னாட்டு நிதியத்தின் சொல்படி 16 வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் அதிபரின் மகனுடையதும் ஒன்று. சில வாரங்களில் அந்த மகன் வேறொரு வங்கியின் பெயரில் மறுபடியும் கடை விரித்தார். மக்கள் என்ன புரிந்துகொள்வார்கள்? அடுத்து எந்த வங்கி மூடப்படும் என்று தெரியாமல் எல்லா வங்கிகளிலும் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். 1998 மே 21-ல் சுகார்த்தோ பதவி விலகினார். அதற்குள் ஜகார்த்தாவில் கடைகளும் உயிர்களும் எரிந்து முடிந்திருந்தன.

தென்கொரியாவின் கதை எனக்கு மிக முக்கியமானது. ஏனென்றால் அது கல்வியிலும் தொழிலிலும் வலுவான நாடு; அங்கும் இது நடந்தது. 1961 முதல் வங்கிகளை அரசு தன் பிடியில் வைத்துத் தொழில் வளர்த்த நாடு அது. 1990களில் பெரிய குழுமங்கள் வெளிநாட்டில் கடன் வாங்க அனுமதி கேட்டன. பணக்கார நாடுகளின் சங்கமான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பில் சேர வேண்டும் என்ற ஆசை ஆட்சியாளர்களுக்கும் இருந்தது. 1996 டிசம்பரில் சேர்ந்தார்கள். திறந்த விதத்தில்தான் வினை. நீண்டகாலக் கடனுக்குக் கட்டுப்பாடுகள் நீடித்தன. குறுகியகாலக் கடனுக்கு எளிதாக வழி கிடைத்தது. 1994-லும் 1996-லும் 24 சிறு நிதி நிறுவனங்களுக்கு வெளிநாட்டுக் கடன் வாங்கக்கூடிய வங்கி உரிமம் கொடுக்கப்பட்டது. மூன்று மாதத்தில் திருப்ப வேண்டிய டாலரை வாங்கி, பத்தாண்டு கழித்துப் பலன் தரும் தொழிற்சாலையில் போட்டார்கள். 1997 நவம்பரில் டாலர் கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டபோது கையில் காசில்லை.

டிசம்பர் 3-ல் பன்னாட்டு நிதியத்துடன் உடன்பாடு. மொத்த உதவி சுமார் 5,700 கோடி டாலர். அந்த மாதம் 18-ஆம் தேதி அதிபர் தேர்தல். யார் வென்றாலும் உடன்பாட்டைக் காப்பாற்றுவோம் என்று முக்கிய வேட்பாளர்களிடம் தேர்தலுக்கு முன்பே எழுதி வாங்கினார்கள். வாக்காளர் வாக்குப் பெட்டிக்குப் போகும் முன்பே பொருளாதாரக் கொள்கை கையெழுத்தாகிவிட்டது என்று பொருள். 1998 ஜனவரியில் கொரிய மக்கள் வரிசையில் நின்று திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் தங்க மோதிரங்களையும் நாட்டுக்காகக் கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், 220 டன்னுக்கு மேல். கடன் வாங்கியது குழுமங்கள். மோதிரம் கழற்றியது குடும்பங்கள்.

பணம் வெளியேறுவதைத் தடுத்த நாடு எதுவும் இல்லையா?

மலேசியா தடுத்தது. 1998 செப்டம்பர் 1-ல் மகாதீர் முகமது மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தினார். அதே நாளில் நிதியமைச்சர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். பொருளாதார முடிவும் அரசியல் களையெடுப்பும் ஒரே நாளில் நடந்ததை மறக்காமல்தான் மலேசியாவைப் பாராட்ட வேண்டும். இருந்தாலும் வானம் இடிந்து விழவில்லை, நாடு மீண்டது.

சூடுபட்ட சிலியும் 1991-ல் ஒரு வழி கண்டது. உள்ளே வரும் வெளிநாட்டுக் கடனில் ஒரு பங்கை (முதலில் 20 விழுக்காடு, பிறகு 30) வட்டியில்லாமல் மத்திய வங்கியில் போட்டுவைக்க வேண்டும். நிலைத்து நிற்க வந்த பணத்துக்கு இது பெரிய சுமையில்லை. மூன்று மாதத்தில் ஓடிவிட நினைக்கும் பணத்துக்குக் கட்டுப்படியாகாது.

பன்னாட்டு நிதியமே 1997 செப்டம்பரில், ஹாங்காங் கூட்டத்தில், மூலதனத் தடைகளை நீக்குவதைத் தன் சாசனத்திலேயே எழுத முயன்றது. ஆசிய நெருக்கடி அந்த முயற்சியை மூழ்கடித்தது. 2012-ல் சில சூழ்நிலைகளில் கட்டுப்பாடுகள் பொருத்தமானவையே என்று அந்த நிதியமே ஏற்றுக்கொண்டது.

1997-ல் இந்தியா எப்படித் தப்பியது?

ரிசர்வ் வங்கி அமைத்த தாராப்பூர் குழு 1997 மே மாதக் கடைசியில் அறிக்கை கொடுத்தது: மூன்றே ஆண்டில், 2000-க்குள், மூலதனக் கணக்கையும், அதாவது முதலீட்டுப் பணமும் கடனும் எல்லை தாண்டும் வழியையும், திறந்துவிடலாம். அதற்கு நிதிப் பற்றாக்குறை, பணவீக்கம், வராக்கடன் மூன்றும் இன்ன அளவுக்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது. ஜூலை 2-ல் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. அப்போது இருந்தது இடதுசாரிகள் ஆதரவில் நடந்த ஐக்கிய முன்னணி ஆட்சி. அவசரப்பட முடியாத அரசியல், அந்த ஆண்டு நம்மைக் காப்பாற்றியது.

பக்கத்து நாடான இலங்கை 2022-ல் வீழ்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒரு பகுதி உண்டு. தெற்காசியாவில் முதலில் திறந்த நாடு இலங்கைதான். 1977-ல் ஜெயவர்தனே ஆட்சி தொடங்கி வைத்தது. போர்க்காலத்தில், 2007-ல், முதல்முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலருக்கு அரசுப் பத்திரம் விற்றார்கள். அதன் பிறகு அந்த வழியே பழக்கமானது. உலக வங்கி கொடுக்கும் கடனுக்கு நீண்ட தவணை உண்டு; சந்தைப் பத்திரத்துக்கு முதிர்வு நாளன்று முழுத் தொகையையும் வைக்க வேண்டும். 2019-ன் வரிக்குறைப்பு, ஈஸ்டர் குண்டுவெடிப்பு, பெருந்தொற்று எல்லாம் சேர்ந்தன. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாது என்று அறிவித்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அது நம்மவர்களுக்கு உடனே புரியும். டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று 2022 மார்ச் வரை அரசு பிடித்து வைத்திருந்தது. வெளியே அதைவிட அதிகம் கிடைத்தது. வெளிநாட்டில் உழைத்த இலங்கையர் வங்கியை விட்டு, வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரரிடம் போனார்கள். அரசுக்கு வர வேண்டிய டாலர் வரவில்லை.

அப்படியானால் நம் வளைகுடாப் பணத்துக்குத் தாராளமயம் நல்லதைத்தானே செய்தது?

ஆம், இதில் எனக்கு மறுப்பே இல்லை. 1991-க்கு முன் குழல்பணம் (வங்கிக்கு வெளியே கைமாறும் ஹவாலா பணம்) ஏன் கொழித்தது? வங்கியில் அரசு விலை. குழலில் சந்தை விலை. அந்த வித்தியாசம் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாத மளிகை. 1992 மார்ச்சில் வரும் டாலரில் 60 விழுக்காட்டைச் சந்தை விலையில் மாற்றலாம் என்றார்கள். 1993 மார்ச்சில் முழுவதும் சந்தை விலை. திரும்பி வருபவர் வரி கட்டி ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவர 1992-ல் அனுமதி வந்தது. கிளையில் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். வளைகுடாவிலிருந்து பதிவுத் தபாலில் வரும் வரைவோலையை முந்தானையில் முடிந்துகொண்டு தாய்மார் வரிசையில் நிற்பார்கள். அது வசூலாகி வர எத்தனை வாரமாகும் என்பதுதான் முதல் கேள்வி. பத்தாண்டில் அந்தக் கேள்வியே மறைந்துவிட்டது.

ஆனால் ரூபாயின் விலையைச் சந்தைக்கு விட்ட பிறகு, ஒரே தெருவில் இருவருக்கு இரண்டு நியாயம் ஆகிவிடுகிறது. 2013 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வங்கி பணம் அச்சிடுவதைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சிலேயே டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு வீட்டில் மகன் துபாயில். அந்த வீட்டுக்கு வரவு கூடியது. அடுத்த வீட்டில் விசைப்படகு. அவருக்கு டீசல் விலை ஏறியது. தன் கடலில் பிடித்த மீனின் விலையோ அவர் கையில் இல்லை. ரூபாய் சரிந்தால் யாருக்கு லாபம் என்று டெல்லியில் நடக்கும் வாதம், நம் கடற்கரைத் தெருவிலும் நடக்கிறது. கட்சிகள் அதைப் பேசுவதில்லை என்பது வேறு விஷயம்.

நம் ஊர் வங்கிகளுக்கு என்ன ஆயிற்று?

மூன்று வங்கிகள், மூன்று விதம்.

திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி, 1945-ல் சமஸ்தானம் தொடங்கியது. நம் மாவட்டத்தில் பலருக்கு முதல் கணக்கு எஸ்.பி.டி.யில்தான். 2017 ஏப்ரல் 1-ல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. கேரள சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது, பலிக்கவில்லை. பெரிய வங்கியால் உலகச் சந்தையில் போட்டியிட முடியும் என்பது சொல்லப்பட்ட காரணம். ரப்பர்த் தோட்டக்காரரையும் கயிறு வியாபாரியையும் பெயர் சொல்லி அறிந்த வங்கி ஒன்று போனது.

கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி, பெருநிறுவனங்களுக்குக் கொடுத்த கடனில் சிக்கியது. 2020 நவம்பர் 17 முதல் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை. 27-ஆம் தேதி சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் தப்பியது. பங்குதாரருக்கு ஒரு காசும் இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிளைகள் பத்து நாளில் வெளிநாட்டு வங்கியின் கைக்குப் போயின.

தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கியது; 1962-ல் பெயர் மாறியது. 1990களில் அதன் பெரும்பங்குகள் வெளியார் கைக்குப் போனபோது, சமூகத்தவர் திரண்டு பங்குகளை மீட்கப் போராடினார்கள். ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. 2022 செப்டம்பரில் அது பொதுப் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக ஒரு வங்கி இருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆயினும் பங்குகள் கைமாறுவது ஊரை எவ்வளவு உலுக்கும் என்பதற்கு இது சாட்சி.

தாராளமயம் வந்தும் கந்துவட்டி ஒழியவில்லையே?

ஒழியாததற்குக் காரணம் உண்டு. வங்கி லாபத்தைப் பார்க்கத் தொடங்கியபோது சிறு கடன் சுமையானது. அந்த இடைவெளியில் 1990களில் தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன, 24, 36 விழுக்காடு வட்டி தருவதாகச் சொல்லி ஓய்வூதியப் பணத்தை வாங்கின, கவிழ்ந்தன. தமிழ்நாடு 1997-ல் வைப்பாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டமும் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும், 2017-ல் நம் மாவட்டத்தின் கேரள எல்லையோரத்தில் ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கானோரின் சேமிப்போடு மூடிக்கொண்டது.

நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு 2011 முதல் உச்சவரம்பு இருந்தது. 2022-ல் ரிசர்வ் வங்கி அதை எடுத்துவிட்டது. பதிலாக, ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது என்ற விதிகள். மகளிர் குழுச் சகோதரிகள் இந்த இரண்டையும் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். வசூலுக்கு வருபவருக்கு இந்த விதி தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மாற்று வழி நம் கடற்கரையிலேயே இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் மீனை ஏலம் விட்டு, விற்ற தொகையில் ஒரு சிறு பங்கைக் கடனுக்கும் இன்னொரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொள்கின்றன. மீன் கிடைத்த நாளில் கட்டுவார்; கிடைக்காத நாளில் கட்ட வேண்டியதில்லை. கடலை அறிந்தவர்கள் வகுத்த தவணை அது.

என் பணம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

வணிக வங்கி, கூட்டுறவு வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு. ஒரே வங்கியின் நான்கு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் மொத்தம் ஐந்து லட்சம்தான். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், நிதி கம்பெனி, சீட்டு ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு இல்லை.

எங்களைப் போன்றவர்களின் குரல் எப்போதாவது எடுபட்டிருக்கிறதா?

எடுபட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. வங்கி மூழ்கினால், காப்பீட்டுக்கு மேற்பட்ட வைப்புத்தொகையை வங்கியை மீட்கப் பயன்படுத்தலாம் என்பதற்கு அதில் இடம் இருந்தது. அப்போது காப்பீடு ஒரு லட்சம்தான். ஊழியர் சங்கங்களும் முதியோரும் எதிர்த்தார்கள். செய்தி பரவி வைப்பாளர்கள் பதறினார்கள். 2018 ஆகஸ்டில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. 2019-ல் மும்பையின் கூட்டுறவு வங்கி ஒன்று முடங்கி வைப்பாளர்கள் தெருவில் அழுத பிறகு, 2020 பிப்ரவரியில் காப்பீடு ஐந்து லட்சமாக உயர்ந்தது.

அண்மைய உதாரணம் நகைக்கடன். நம் வீடுகளில் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு வளையல் பணயம் போகும். வெளிநாட்டுப் பணம் வந்ததும் திரும்பும். நகை மதிப்பிடும் அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து, கல்லும் அரக்கும் கழித்து எடை போட்டு, பையில் முத்திரை வைப்பதற்குள் பணம் கையில். ரசீது எதையும் யாரும் கேட்டதில்லை. பாட்டி போட்ட சங்கிலிக்கு ஏது ரசீது? 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகளில் உரிமைச் சான்று, திருப்பிக் கட்டும் திறன் பற்றிய ஆய்வு எல்லாம் இருந்தன. தமிழ்நாட்டில் விவசாயிகளும் கட்சிகளும் எதிர்த்தனர். முதலமைச்சர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். சிறு கடனாளிகள் பாதிக்கக் கூடாது என்று நிதி அமைச்சகமும் சொன்னது. ஜூன் 6-ல் வந்த இறுதி விதிகளில் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு அந்த ஆய்வு வேண்டியதில்லை என்றாயிற்று. நகை மதிப்பில் 75 விழுக்காடாக இருந்த வரம்பு அந்தச் சிறு கடனுக்கு 85 ஆனது.

ரிசர்வ் வங்கியின் வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கென வெளியிடப்படுகின்றன. கருத்து அனுப்பப் பட்டம் தேவையில்லை. வங்கிச் சங்கங்களும் பெருநிறுவனங்களும் தவறாமல் அனுப்புகின்றன. அடுத்த வரைவு வரும்போது உங்கள் குழுவின் சார்பில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எழுதுவதற்கு உதவி வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.